பதினேழு கேள்விக்கும் இல்லை

அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு யாரும் சிரித்தபடி வந்து அன்று காலையிலிருந்து நான் பார்க்கவில்லை. உள்ளே போன ஆறு பேரும் கஷ்டமான வினாத்தாளைப் பார்த்துவிட்டு வந்தவர்களைப் போலத்தான் திரும்பினார்கள்.

“முடிஞ்சுது பட்டதாரி. எல்லாத்துலயும் பாஸ்.”

கையிலிருந்த தாளை என் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் நாற்காலிகளுக்குக் கைப்பிடி கிடையாது. ஒவ்வொன்றும் ஒன்றரை ஆள் அகலம். அங்கே எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். சுவரில் ஒரு பெண் தன்னுடைய பழைய கால்சட்டையின் ஒரு காலுக்குள் இரண்டு கால்களையும் விட்டு நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எரிந்தது. இந்தப் பிரிவைக் கொண்டுபோய் மூன்றாவது மாடியில் வைத்தவன் எவன், பாதி நாள் ஓடாத லிஃப்ட்டை நம்பி வைத்தவன் எவன் என்று படியேறும்போதே எரிய ஆரம்பித்திருந்தேன்.

தாளைப் படித்தேன். உயரம் நூற்றறுபது சென்டிமீட்டர். எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் பிஎம்ஐ முப்பத்தைந்து புள்ளி ஒன்பது. கீழே பதினேழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். பதினேழிலும் ‘இல்லை’யில் டிக். அதற்குக் கீழே, அழகான கையெழுத்தில்: இணை நோய் எதுவும் இல்லை. தற்போது அறுவை சிகிச்சைக்குத் தகுதி இல்லை. உணவு ஆலோசனைக்குச் செல்லவும்.

மறுபடி கேள்விகளுக்குப் போனேன். ஒன்பதாவது கேள்வி: தூங்கும்போது பலமாகக் குறட்டை விடுவீர்களா? பத்தாவது: தூக்கத்தில் உங்கள் மூச்சு நின்றுபோவதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா? பதினொன்றாவது: பகலில் உங்களை அறியாமல் தூங்கிவிடுவதுண்டா?

இல்லை. இல்லை. இல்லை.

என் அக்கா ஐந்து வருடமாகப் படுத்துத் தூங்கவில்லை.

எங்களுக்கு ஒரே அறை. ஜன்னல் பக்கம் என் கட்டில். சுவர் ஓரம் ஒரு மேசை, அதன் முன்னால் ஒரு நாற்காலி. மேசைமேல் இரண்டு தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துத்தான் அவள் தூங்குவாள். படுத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி எழுந்து உட்காருவாள். காலையில் அவள் நெற்றியில் தலையணை உறையின் தையல் ஒரு கோடாக விழுந்திருக்கும். அந்தக் கோட்டோடுதான் வேலைக்குப் போவாள். நான் பட்டம் வாங்கியது, வேலை வாங்கியது, என்னை வேண்டாம் என்று சொன்ன ஒருவனுக்காக அழுதது, எல்லாம் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு.

“என்னடி மூஞ்சி இப்படிப் போகுது? தேதி போட்டிருக்கா?”

“தேதி போடல. தகுதி இல்லைன்னு போட்டிருக்கு.”

“போடி. எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேன்.”

“என்ன சொன்ன?”

“ஒரு நோயும் இல்லைன்னு.”

“ஏன் அப்படிச் சொன்ன?”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் படித்த படிப்பின்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது தெரிந்தது. “நோய் இருந்தா எப்படிடி ஆபரேஷன் பண்ணுவாங்க? உடம்பு நல்லா இருக்கிறவங்களுக்குத்தானே பண்ணுவாங்க?”

கூரியர் கம்பெனியில் புகார் பிரிவில் வேலை எனக்கு. நாள் முழுக்க ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று சொல்வதால் ஆபீஸுக்கு வெளியே நான் எவருக்கும் வருந்துவதில்லை. வாயில் பதில் தயாராகவே இருக்கும். அன்று இல்லை. ஏனென்றால் அவள் சொன்னது தப்பாகத் தோன்றவில்லை. உலகத்தில் அவளிடம் கேள்வி கேட்ட எல்லா டாக்டர்களும் அவளை எதிலிருந்தாவது கழிப்பதற்காகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அவள் வேலை செய்வது ஒரு பெரிய சலவை ஆலையில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். துவைத்துப் பிழிந்தவற்றை ரோலருக்குள் விடுவது அவள் வேலை. ஆள் உயர உருளை, உள்ளே நீராவி. விரிப்பின் ஒரு மூலையை அவள் பிடிக்க, மறு மூலையைச் சிட்டு என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு குச்சிப் பெண் பிடிக்க, இருவரும் ஒரே நேரத்தில் உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. யார் யாரோ மல்லாந்து படுப்பதற்கு.

அந்த ஆலையில் வருடத்துக்கு ஒரு நாள் சாப்பாட்டு அறையில் மேசை போட்டு ஒரு டாக்டர் உட்காருவார். முன்னூறு பேரை மதியத்துக்குள் முடித்தாக வேண்டும். மயக்கம் வருமா, மூச்சு வாங்குமா, முட்டி வலிக்குமா என்று படித்துக்கொண்டே போவார். ஒரு ‘ஆமா’ சொன்னால் பிரிப்புக் கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அழுக்கு விரிப்புகளைக் கையால் பிரிக்கும் இடம், அங்கே என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று எழுத எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு ‘ஆமா’ சொன்னால் வீட்டுக்கு. அதனால் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் வாரம் விரிப்பைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டாவது வாரம் டாக்டருக்கு ‘இல்லீங்க’ சொல்லச் சொல்லிக்கொடுப்பார்கள். யோசிக்கக் கூடாது. தலையைச் சொறியக் கூடாது. கேள்வி முடிவதற்கு ஒரு வார்த்தை இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அக்கா பதினான்கு வருடமாகச் சொல்கிறாள். இப்போது சொல்லிக்கொடுப்பதும் அவள்தான்.

“பிரஷர் பாத்திருப்பாங்களே, அது எப்படிச் சரியா இருந்துச்சு?” என்றேன்.

“காலையில மாத்திரை ஒண்ணுக்கு ரெண்டா போட்டுட்டு வந்தேன்,” என்றாள், ஏதோ என் சாமர்த்தியம் அவளுக்கும் கொஞ்சம் உண்டு என்பதுபோல.

நான் எழுந்து படியில் இறங்கிவிட்டேன். அவள் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கி வருவது பின்னால் கேட்டது. நிற்கவில்லை. நான் அப்படிப்பட்டவள்தான். முதல் தளத்தில் போய்த்தான் நின்றேன். அதுவும், கோபம் யார்மேல் என்று கணக்குப் பார்த்ததில் என்மேல்தான் மிச்சம் வந்தது என்பதால். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். படிவம் நிரப்புவதற்காகவே என்னைப் படிக்க வைத்தார்களோ என்று சில நாள் தோன்றும். விண்ணப்பம், ஆலை கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகல், மூன்று மாதம் வாயைக் கட்டியும் நடந்தும் இரண்டு கிலோகூடக் குறையவில்லை என்பதற்கான ஆதாரம், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். இந்தக் கேள்விகள் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

அன்று மதியம் வீட்டில் உட்கார வைத்துச் சொன்னேன். “இங்க பாரு. பிஎம்ஐ நாற்பதுக்கு மேல இருந்தா எடை ஒண்ணே போதும். உனக்கு முப்பத்தஞ்சு தாண்டியிருக்கு. முப்பத்தஞ்சுக்கும் நாற்பதுக்கும் நடுவுல இருந்தா, அந்த எடையால வந்த நோய் ஏதாவது இருக்கணும். சர்க்கரை, பிரஷர், தூக்கத்துல மூச்சு நிக்கிறது. அந்த நோயைக் குறைக்கத்தான் ஆபரேஷனே. நோய் இல்லைன்னா அவங்களுக்கு உன் வயித்துல என்ன வேலை?”

“அப்ப நான் நோயாளின்னு எழுதிக் குடுக்கணும்.”

“நீ நோயாளிதான்.”

“வாயைப் பாரு.” அவள் சிரிக்கவில்லை. “அட்டையில பண்ற எல்லாத்துக்கும் ஒரு நகல் ஆலைக்குப் போகும், தெரியுமில்ல? தூங்கி விழறவளை ரோலர் பக்கம் விடுவாங்களா? படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதா?”

தெரியும். அதனால்தான் எனக்கு அப்படி எரிந்தது. எந்த நோயைச் சொன்னால் அவளுக்குச் சிகிச்சை கிடைக்குமோ, அதே நோயைச் சொன்னால் வேலை போகும்.

“நீ தூங்கி விழறியா, அங்க?”

“இல்ல.” நான் கேட்டு முடிப்பதற்கு ஒரு வார்த்தை இருக்கும்போதே சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு அவள் மேசையில் தலையைச் சாய்த்ததும், அவள் முகத்துக்குப் பக்கத்தில் என் போனை வைத்துப் பதிவு செய்தேன். கேட்டால் விட மாட்டாள், அதனால் கேட்கவில்லை. அவள் எழுந்து முகம் கழுவி வந்த பிறகு, டீயைக் கொடுத்துவிட்டு ஓடவிட்டேன்.

முதலில் குறட்டை. அக்கா சிரித்தாள். “லாரி ரிவர்ஸ் எடுக்குது.”

குறட்டை ஏறி ஏறி உச்சத்தில் அறுந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பின்னால் எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. பக்கத்து வீட்டு ரேடியோ கேட்டது.

“நிறுத்திட்டியா?”

“இல்ல. ஓடுது.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். போனைக் குனிந்து பார்த்தாள். எண்கள் நகர்ந்துகொண்டிருந்தன. பத்து நொடி. பதினைந்து. அக்காவின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. போனுக்குள் இருப்பவளுக்காக அவளும் மூச்சை இழுக்க முயல்வதுபோல அவள் தோள் உயர்ந்தது. “எப்ப வரும்?” என்றாள், என்னிடம் இல்லை. இருபத்தாறாவது நொடியில், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கிய மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சு வந்தது.

அக்கா நெடுநேரம் மேசையின் பலகையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சிட்டு விரிப்பைச் சுண்டுவா,” என்றாள் கடைசியில்.

“என்ன?”

“நான் அசந்தேன்னு வை. என் பக்கத்து மூலை தொங்கும். அவளுக்குத் தெரிஞ்சுடும். அவ மூலையைப் பிடிச்சு ஒரு சுண்டு சுண்டுவா. நான் முழிச்சுக்குவேன். ரெண்டு வருஷமா அப்படித்தான். போன மாசம் சுண்டுனது எனக்குத் தெரியவே இல்ல. கை விரிப்போடவே போயிட்டிருந்துச்சு. அவ ஓடிவந்து தோளைப் பிடிச்சு இழுத்துட்டா.”

“சொல்லவே இல்லையே நீ.”

“சொல்லி? நீ வந்து மூலையைப் பிடிப்பியா?”

என் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் அடைத்த பிறகு அவளுக்கே பாவமாகப் போய்விட்டது போல. என் முழங்காலைத் தட்டினாள்.

“எனக்கு ஒல்லியாகணும்னெல்லாம் இல்லடி. அந்தச் சுவத்துல நின்னுட்டிருக்காளே ஒருத்தி, அவளை மாதிரி பேண்டுக்குள்ள நின்னு ஆடணும்னு இல்ல. ஒரு தடவை மல்லாந்து படுக்கணும். கையை ரெண்டு பக்கமும் போட்டுக்கிட்டு. மேல ஃபேன் சுத்துறதைப் பாத்துக்கிட்டே, எப்பத் தூங்குனோம்னே தெரியாமத் தூங்கிப் போகணும். ஆலையில விரிப்பை விரிக்கும்போதெல்லாம் இதுல யாரு இப்படிப் படுக்கப் போறாங்கன்னு நினைச்சுப்பேன். பொறாமையா இருக்கும்.”

எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சின்ன வயதில் இருவருக்கும் ஒரே பாய். தூக்கத்தில் அவள் தன் காலைத் தூக்கி என்மேல் போடுவாள். கனமாக இருக்கும், தள்ளிவிடுவேன், மறுபடி விழும். இப்போது கட்டில் முழுக்க எனக்கு. சில மதியங்களில் அந்த மேசையில் கவிழ்ந்திருக்கும் முதுகைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். ஏழு அடி தூரம்.

அடுத்த வாரம் மறுபடி மூன்றாவது மாடி. இந்த முறை நானும் உள்ளே போனேன். கேள்விகள் கேட்கும் நர்ஸுக்கு எங்கள் அம்மா வயது இருக்கும்; கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “போன வாரம்தானே வந்தீங்க?” என்றாள்.

“போன தடவை பொய் சொன்னாங்க,” என்றேன்.

அக்கா என் காலை மிதித்தாள். நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள். “இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான். நீங்க திரும்பியாவது வந்தீங்க. சரி, முதல்லேருந்து. தலைசுற்றல்…”

“இல்லீங்க.”

நர்ஸ் பேனாவைத் தாளில் வைக்கவே இல்லை. காத்திருந்தாள். அக்காவின் கழுத்தில் வியர்த்திருந்தது.

“எழுந்திருக்கும்போது கொஞ்சம் இருக்கு,” என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் பல் பிடுங்குவதுபோல வந்தது. முட்டி வலி இருக்கு. பிரஷர் இருக்கு, மாத்திரை தையல் டப்பாவில் இருக்கு. குறட்டை, இவளைக் கேளுங்க. பதினொன்றாவது கேள்விக்கு அவள் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே, சட்டையின் கை மூடும் இடத்தில், சூட்டில் வெந்து புதுத்தோல் வளர்ந்த ஒரு பட்டை. அதை நானே அன்றுதான் பார்த்தேன்.

விரலில் மாட்டிக்கொண்டு தூங்குவதற்கு ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். அவரோடு சண்டை போடுவதற்கு நான் முழுதாகத் தயாராகிப் போயிருந்தேன். மனிதர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“ஒரு மணி நேரத்துக்கு நாற்பத்தோரு தடவை மூச்சு நிக்குது,” என்றார்.

“அத்தனை தடவை செத்துப் பொழைச்சிருக்கேன்,” என்றாள் அக்கா. டாக்டர் சிரிக்கவில்லை, நர்ஸ் சிரித்தாள்.

தகுதி உண்டு என்றார். ஆனால் அறுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அதற்கு முன் சாப்பாட்டு வகுப்பு, மனநல ஆலோசகரோடு இரண்டு சந்திப்பு, தூங்கும்போது போட்டுக்கொள்ள மூச்சு முகமூடி. அதில் பழகிய பிறகுதான் மயக்க மருந்து கொடுக்க முடியும். பிறகு வாழ்நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், சத்து மாத்திரை போட வேண்டும், சோதனைக்கு வர வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டாக்டர் இன்னொரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

“இது என்னங்க?”

“உங்க ஆலைக்கு. இந்த மூச்சுப் பிரச்சினை கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் சூடான இயந்திரத்துல நிக்கக் கூடாதுன்னு.”

“அதை எழுதாம இருக்க முடியாதுங்களா?”

“உங்க கையைப் பாத்த பிறகா?”

அவர் எழுதி முடித்துத் தாளை அக்காவிடமே நீட்டினார். “நான் அனுப்பல. நீங்களே குடுங்க. ஆனா ஆபரேஷனுக்கு அட்டையில அனுமதி கேக்கும்போது இதுவும் கூடப் போயாகணும்.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்தத் தாளை மேசைமேல் வைத்தாள். நான்கு நாள் அது அங்கேயே இருந்தது. அதன்மேலேயே தலையணையைப் போட்டுத் தூங்கினாள். கொடு என்று நான் சொல்லவில்லை. என் வாயைக் கட்டி நான் வைத்திருந்த நான்கு நாள் அது. என் வாழ்க்கையில் வேறு இல்லை. பிரிப்புக் கூடத்தில் நிற்கப்போவது நான் இல்லையே.

ஐந்தாம் நாள் மதியம் ஆபீஸுக்குப் போன் செய்தாள். “ஷிஃப்ட் முடியப் போகுது. வாசல்ல வந்து நில்லு. உள்ள வராத, நீ வந்தா சண்டைதான் வரும்.”

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போய் நின்றேன். ஆலை வாசலில் ஈர நீராவியும் சோப்பும் கலந்த ஒரு வெப்பம் எப்போதும் இருக்கும். பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள், பிறகு இரண்டிரண்டு பேராக, பிறகு யாரும் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அக்கா வந்தாள். பின்னால் சிட்டு. சிட்டுவின் கண் சிவந்திருந்தது.

“உங்கக்கா பண்ணுன வேலையைப் பாத்தியா?” என்றாள் என்னிடம். “நாளையிலேருந்து பிரிப்புக் கூடம். நான் ரெண்டு வருஷமாக் காப்பாத்தி வெச்சிருந்தேன், இது போய்த் தானே சொல்லிட்டு வருது.”

“கொஞ்ச நாளைக்குத்தாண்டி,” என்றாள் அக்கா.

“அங்க போனவங்க யாரு திரும்பி வந்திருக்கா, ஒரு ஆளைச் சொல்லு.”

சிட்டு அக்காவின் சட்டைக் கையை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எதிர்த் திசையில் போனாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு மெதுவாக நடந்தோம். ஆலை ஆபீஸில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். பதினான்கு வருடமாக ஏன் மறைத்தாய் என்று கேட்டார்களாம். “கேட்டவிதம் அப்படின்னு சொல்லிட்டேன்,” என்றாள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அது இனி ஆலையிலிருந்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிறுத்தத்தின் பலகையில் உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்து எங்கள் காலடி வரை வந்திருந்தது.

“தேதி எப்ப குடுப்பாங்க?”

“எப்படியும் ஆறு மாசம் ஆகும்க்கா. அதுவும் எல்லாம் சரியாப் போனா. முகமூடி முன்னாடியே வந்துடும்.”

“அது தும்பிக்கை மாதிரி இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு நான் தூங்குனா நீ ஓடிடுவ.” கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். “ஆறு மாசம்னா குளிர் வந்துடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எடை இறங்கணும், இல்ல? சரி. மூஞ்சில ஒண்ணும் இல்லாம, கழுத்து வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டு… கனமான போர்வையா ஒண்ணு பாத்து வைடி. எனக்கு மெல்லிசு பிடிக்காது.”

என்ன நிறம் வேண்டும் என்று கேட்கத் திரும்பினேன். பை மடியில் இருந்தது, கைகள் அதன்மேல் இருந்தன, அவள் தூங்கியிருந்தாள். தலை முன்னால் தொங்கி, பிறகு தானாகவே என் தோளைத் தேடி வந்து விழுந்தது. கனமான தலை. நான் அசையாமல் இருந்தேன்.

எங்கள் பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். அடுத்ததற்கும் காட்டினேன்.